இதயத்தின் நிணநீர்க் குழாய்களைப் படமெடுப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பச்சையும் சிவப்புமாகக் கிளைகள் படர்ந்த சுண்டெலி இதயத்தின் படத்தை எங்கோ பார்த்துவிட்டு, "இதயத்துக்கு நிணநீர் ஸ்கேன் வந்துவிட்டதாமே, அப்பாவுக்கு எடுத்துப் பார்க்கலாமா?" என்று கேட்பவர்கள் உண்டு. படம் உண்மைதான். ஆனால் அது எந்த இதயம், உயிரோடு இருந்ததா, எப்படி எடுத்தார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லாவிட்டால் தப்பான நம்பிக்கை வந்துவிடும். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

நிணநீர்க் குழாய் என்பது என்ன?

காலில் முள் குத்திப் புண்ணாகிவிட்டால் இரண்டு நாளில் தொடை இடுக்கில் நெறி கட்டும், இல்லையா? அந்த நெறிதான் வீங்கிய நிணநீர்க் கணு. புண்ணிலிருந்த கிருமியையும் கழிவையும் அதுவரை கொண்டுவந்து சேர்த்த பாதைதான் நிணநீர்க் குழாய். யானைக்கால் நோயில் ஃபைலேரியா புழு குடியேறுவதும் இதற்குள்தான்.

இரத்தத்தின் நுண்குழாய்களிலிருந்து நீரும் கொஞ்சம் புரதமும் எப்போதும் திசுவுக்குள் கசிந்துகொண்டே இருக்கும். அதை வாரி எடுத்து, கணுக்கள் வழியாக வடிகட்டி, மறுபடியும் இரத்தத்தில் சேர்ப்பது இந்தக் குழாய்களின் வேலை. பெரும்பகுதி நிணநீர் மார்பின் பெருங்குழாய் வழியாக மேலேறி, இடது கழுத்தடியில் சிரையில் கலக்கிறது. ஒரு நாளைக்கு ஏறக்குறைய 3 லிட்டர் இப்படித் திரும்புகிறது.

இதயத்திலுமா?

ஆமாம். கறிக்கடையில் ஆட்டு இதயத்தைக் கையில் வாங்கிப் பாருங்கள். மேற்பரப்பில் பள்ளங்கள் ஓடும், அவற்றில் வெள்ளைக் கொழுப்பு படிந்திருக்கும், கொழுப்புக்குள் கரோனரி இரத்தக் குழாய்கள் சிவந்த கோடாகத் தெரியும். அந்தக் கோட்டை ஒட்டியே நிணநீர்க் குழாயும் ஓடுகிறது. ஆனால் எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் தெரியாது. உள்ளே இருப்பது நிறமற்ற நீர். சுவரோ காகிதத்தைவிட மெல்லியது. இதயம் நின்றதும் சப்பையாகச் சுருங்கி ஒட்டிக்கொள்ளும்.

அமைப்பு மூன்று அடுக்கு. இதய அறையின் உட்சவ்வுக்குக் கீழே ஒரு வலை, தசைக்குள் ஒரு வலை, வெளிச்சவ்வுக்குக் கீழே ஒரு வலை. நீர் உள்ளிருந்து வெளிப்பக்கமாக வருகிறது. வெளி வலையிலிருந்து சற்றுப் பெரிய குழாய்கள் கிளம்பி, கரோனரி தமனிகளோடு சேர்ந்து இதயத்தின் மேல்பகுதிக்கு ஏறி, மார்புக்கூட்டின் நடுவிலுள்ள கணுக்களில் முடிகின்றன.

கால்களில் உள்ள பெரிய நிணநீர்க் குழாய்களுக்குத் தாமே சுருங்கி நீரைத் தள்ளும் தசை உண்டு. சுண்டெலி இதயத்தில் பார்த்தால் அந்தத் தசை ஏறக்குறைய இல்லை. இதயம் துடிக்கும்போது பிழியப்படுவதுதான் அதற்குப் பம்பு. துணி துவைப்பவர் பிழிவது போல ஒவ்வொரு துடிப்பும் கொஞ்சம் நீரை வெளியே தள்ளுகிறது. துடிப்பு பலவீனமானால் பிழிவதும் பலவீனமாகும். இதயத்தை நிறுத்திவைத்துச் செய்யும் அறுவைகளில் தசை நீர் கோத்துக்கொள்வதற்கு இது ஒரு காரணம்.

ஆஞ்சியோகிராமில் ஏன் தெரிவதில்லை?

ஆஞ்சியோகிராமில் மணிக்கட்டு அல்லது தொடைத் தமனி வழியே குழலை விட்டு, கரோனரியின் வாயிலிலேயே சாயத்தைப் பீய்ச்சுகிறார்கள். நிணநீருக்கு அப்படி ஒரு வாயில் கிடையாது. அதன் தொடக்கம் திசுவுக்குள் மூடிய முனையாக இருக்கிறது. இரத்தத்தில் விட்ட சாயம் இதற்குள் நேராகப் போகாது. கசிந்துதான் போக வேண்டும், அதற்குள் நீர்த்துவிடும்.

அளவும் ஒரு தடை. நிணநீர் நுண்குழாய்கள் ஒரு மில்லிமீட்டரில் நூறில் சில பங்குதான் அகலம். மருத்துவமனை எம்.ஆர்.ஐ. இதயத்தில் பிரித்துக் காட்டக்கூடியது ஒரு மில்லிமீட்டர் அல்லது சற்றுக் கூடுதல். போதாததற்கு இதயம் துடிக்கிறது, மூச்சு வேறு மேலும் கீழும் இழுக்கிறது. ஓடும் பேருந்திலிருந்து சுவரில் உள்ள மயிரிழை விரிசலைப் படமெடுக்கச் சொன்னால் எப்படி இருக்கும்?

அப்படியானால் முதலில் எப்படித்தான் கண்டுபிடித்தார்கள்?

ஸ்வீடனின் ஊலாவ் ருட்பெக் 1652ல் ராணி கிறிஸ்டினா முன்னிலையில் விலங்கை அறுத்து நிணநீர்க் குழாய்களைக் காட்டினார், 1653ல் அச்சிட்டார். அதே காலத்தில் கோபன்ஹேகனில் தாமஸ் பார்தோலின் நான்தான் முதலில் என்றார். பெயர் வைத்ததென்னவோ பார்தோலின்தான். இருவருக்கும் நடந்த சண்டை தனிக் கதை, அது இங்கே வேண்டாம்.

அடுத்து பாதரசம் வந்தது. நுண்ணிய கண்ணாடிக் குழல் வழியே பிணத்தின் நிணநீர்க் குழாய்க்குள் பாதரசத்தை விட்டால் வெள்ளிக் கம்பி போல மின்னிக்கொண்டு கிளை கிளையாக ஓடும். இத்தாலியின் பாவ்லோ மஸ்காஞ்ஞி இந்த முறையில் உடல் முழுதும் வரைந்து 1787ல் பெரிய படநூலாக வெளியிட்டார். பிறகு கறுப்பு மை. 1939ல் பேடெக் என்ற அமெரிக்க உடற்கூறியலாளர் நாய் இதயத்தில் மையைச் செலுத்தி, மேலே சொன்ன மூன்றடுக்கு வலையைத் தெளிவாக விவரித்தார். 1960களில் சிகாகோவில் மில்லரும் கூட்டாளிகளும் நாய் இதயத்தின் நிணநீர் வடிகாலை அடைத்துப் பார்த்தார்கள். இதயத்தின் உட்சவ்வு நாளடைவில் தடித்து நார்ப்பிடித்தது. வடிகால் அடைபட்டாலே இதயம் கெடும் என்பது அப்போதே தெரிந்துவிட்டது என்று சொல்லலாம். ஆனால் அடுத்த முப்பது ஆண்டுகள் இதய மருத்துவர்கள் பெரும்பாலும் இரத்தக் குழாய் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பார்க்கக் கருவியில்லாத ஒன்றைப் பற்றி யார்தான் யோசிப்பார்கள்?

நுண்ணோக்கியில் இரத்தக் குழாயையும் இதையும் எப்படிப் பிரித்துச் சொல்கிறார்கள்?

1990கள் வரை உறுதியாகச் சொல்வது கஷ்டம். அந்தப் பத்தாண்டின் பிற்பாதியில் நிலைமை மாறியது. நிணநீர்க் குழாயின் உட்சுவர்ச் செல்களில் மட்டும் அதிகமாக இருக்கும் புரதங்கள் ஒவ்வொன்றாகச் சிக்கின: ஹெல்சிங்கியில் காரி அலிட்டாலோவின் குழு ஆராய்ந்த வி.இ.ஜி.எஃப்.ஆர்-3, அப்புறம் பிராக்ஸ்-1, லைவ்-1, போடோபிளானின். இவற்றில் ஒட்டிக்கொள்ளும் எதிர்பொருளுக்கு ஒளிரும் சாயத்தைக் கட்டிவிட்டால் குழாய் மட்டும் பளிச்சிடும்.

இதயத்துக்கு வந்தால் இந்த நான்கில் எதையும் தனியாக நம்ப முடியாது. லைவ்-1 கழிவை விழுங்கும் வெள்ளணுக்களான மேக்ரோஃபேஜ் செல்கள் சிலவற்றிலும் இருக்கிறது. மாரடைப்புக்குப் பிறகு அவை கூட்டமாக வந்து உட்காரும் இடத்தில் குழப்பம் நிச்சயம். போடோபிளானின் இதயத்தின் வெளிச்சவ்விலும் ஒளிரும். பிராக்ஸ்-1 இதயத் தசைச் செல்களிலேயே உண்டு. ஆகவே இரண்டு மூன்று சாயங்களைச் சேர்த்துப் பார்த்து, வடிவமும் குழாயாக இருந்தால்தான் ஒப்புக்கொள்வார்கள். ஒரே சாயத்தை வைத்து "நிணநீர்க் குழாய் இரண்டு மடங்கு ஆனது" என்று எழுதியிருந்தால் நான் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் படிப்பேன்.

இதயத்தைக் கண்ணாடி போல ஆக்கிப் படமெடுக்கிறார்களாமே?

இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்த வேலை இது.

வடை பொட்டலம் கட்டிய செய்தித்தாளைக் கவனித்திருப்பீர்கள். எண்ணெய் ஊறிய இடத்தில் மட்டும் காகிதம் ஒளி ஊடுருவும், பின்பக்க எழுத்துகூடத் தெரியும். காகித இழைக்கும் இடையிலுள்ள காற்றுக்கும் ஒளியை வளைக்கும் அளவு வெவ்வேறு. அதனால் ஒளி சிதறி வெள்ளையாகத் தெரிகிறது. எண்ணெய் காற்றின் இடத்தைப் பிடித்துக்கொண்டால் வித்தியாசம் குறைந்து, ஒளி நேராகப் போய்விடுகிறது. திசுவைத் தெளிய வைக்கும் முறைகளுக்கும் இதுதான் தத்துவம்.

சுண்டெலியின் இதயம் ஒரு பெரிய மொச்சைக்கொட்டை அளவு. முதலில் இரத்தத்தை உப்புநீரால் கழுவி, திசு கெடாதபடி மருந்துத் திரவத்தால் இறுக வைப்பார்கள். பிறகு கொழுப்பையும் இரத்தத்தின் சிவப்பு நிறமியையும் நாட்கணக்கில் கரைத்தெடுப்பார்கள். இதயம் வெளுத்துக்கொண்டே வரும். அடுத்து ஒளிரும் எதிர்பொருள் கரைசலில் ஊறல். அது நடு வரை இறங்க இன்னும் பல நாள். கடைசியில் திசுவின் ஒளிவிலகலுக்குப் பொருந்தும் திரவத்தில் போடுவார்கள். இப்போது எடுத்துப் பார்த்தால் இளநுங்கு மாதிரி இருக்கும். அச்சடித்த தாளின் மேல் வைத்தால் கீழே உள்ள எழுத்தைப் படிக்கலாம். 2014ல் ஜப்பானிலிருந்து வந்த கியூபிக், அதே ஆண்டு அமெரிக்காவிலிருந்து வந்த ஐடிஸ்கோ ஆகிய இரண்டும் பலர் கையாளும் முறைகள்.

இந்தத் தெளிந்த இதயத்துக்குள் தாள் போல மெல்லிய ஒளிப்படலத்தைப் பக்கவாட்டில் செலுத்தி, அந்தத் தளத்தை மட்டும் மேலிருந்து படமெடுத்து, கொஞ்சம் நகர்த்தி அடுத்த தளம், அதற்கடுத்த தளம் என்று எடுத்துக்கொண்டே போனால் கணினியில் முழு இதயமும் முப்பரிமாணத்தில் எழுந்து நிற்கும். அறுக்காமலே எந்தக் குழாய் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று பின்தொடரலாம். கைபேசியில் சுற்றும் அழகான படங்களில் பெரும்பாலானவை இப்படி வந்தவைதான். அந்த எலி இறந்து வெகு நாளாகியிருக்கும்.

மனித இதயம் முந்நூறு கிராம். இதே வேலையை அதில் முழுதாகச் செய்வது மலையளவு உழைப்பு. அதனால் சிறு துண்டுகளில்தான் பெரும்பாலும் செய்கிறார்கள்.

அந்தப் படங்கள் மாரடைப்பைப் பற்றி என்ன சொல்லின?

இங்கேதான் விவாதம் சூடாக இருக்கிறது.

2015ல் ஆக்ஸ்ஃபோர்டின் பால் ரைலி குழு நேச்சர் இதழில் வெளியிட்ட ஆய்வில் இரண்டு விஷயங்கள் வந்தன. ஒன்று, சுண்டெலிக் கருவில் இதய நிணநீர்க் குழாய்கள் எல்லாம் சிரைகளிலிருந்தே முளைக்கின்றன என்ற பழைய எண்ணம் முழுதும் சரியில்லை. ஒரு பங்கு வேறு மூலத்திலிருந்து வருகிறது. இரண்டாவது, மாரடைப்பு வந்த இடத்தில் இந்தக் குழாய்கள் தாமாகவே புதிதாகக் கிளைக்கின்றன, வி.இ.ஜி.எஃப்-சி என்ற வளர்ச்சிப் புரதத்தின் ஒரு வகையைக் கொடுத்தால் இன்னும் கூடுதலாகக் கிளைத்து, இதயத்தின் இயக்கமும் மேம்பட்டது.

மறு ஆண்டு பிரான்சின் ரூவான் நகரத்துக் குழு எலிகளில் ஒரு நுணுக்கத்தைக் காட்டியது. மாரடைப்புக்குப் பிறகு நுண்குழாய்களின் எண்ணிக்கை கூடியிருந்தாலும், நீரைச் சேர்த்துக்கொண்டு போகும் பெரிய குழாய்கள் சுருங்கிக் குறைந்திருந்தன. தெருச் சாக்கடை நிறைய வெட்டிவிட்டு, ஊர்க் கால்வாய் தூர்ந்து கிடந்தால் வெள்ளம் எப்படி வடியும்? வெறும் எண்ணிக்கையை நுண்ணோக்கியில் பார்த்து முடிவுகட்டக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. வளர்ச்சிப் புரதத்தைக் கொடுத்தபோது வடிகால் தேறியது, நீர்க்கோவையும் நார்ப்பிடிப்பும் குறைந்தன.

வடிவதும் நீர் மட்டுமல்ல. மாரடைப்பில் செத்த தசையைச் சுத்தம் செய்ய வரும் வெள்ளணுக்களும் வேலை முடிந்ததும் இதே வழியாகத்தான் கணுக்களுக்கு வெளியேறுகின்றன. லைவ்-1 புரதம் இல்லாத சுண்டெலிகளில் அந்த வெளியேற்றம் தடைபட்டு, இதயம் கூடுதலாகக் கெட்டது என்று ரைலி குழு 2018ல் சொன்னது.

சரி, கதை முடிந்தது என்று நினைக்கும்போது 2021ல் வேறொரு ஆய்வு வந்தது. மாரடைப்புக்குப் பிறகு புதிய நிணநீர்க் குழாயே முளைக்காதபடி மரபணு வழியாகத் தடுத்த சுண்டெலிகளில், இதயத்தின் இயக்கம் மற்ற எலிகளைவிட மோசமாகவில்லை! இரண்டையும் எப்படிப் பொருத்துவது? மருந்து கொடுத்துக் கூடுதலாக வளர்ப்பது உதவலாம். தானாக வளரும் கொஞ்சநஞ்சம் இல்லாமல் போனாலும் சுண்டெலி சமாளிக்கலாம். இரண்டும் ஒரே கேள்வி கிடையாது. நிமிடத்துக்கு ஐந்நூறுக்கு மேல் துடிக்கும் மொச்சையளவு இதயத்தை வைத்து மனித இதயத்துக்கு உறுதிமொழி கொடுக்க நான் தயாரில்லை.

குழாய் இருப்பது சரி, அதில் நீர் ஓடுகிறதா என்று பார்க்க வழி உண்டா?

விலங்குகளில் உண்டு. இண்டோசயனின் கிரீன் என்ற பச்சைச் சாயம் 1959லிருந்து மருத்துவத்தில் இருக்கிறது. கண் மருத்துவமனைகளில் விழித்திரைக்குப் பின்னாலுள்ள குழாய்களைப் பார்க்கக் கொடுப்பார்கள். இது அகச்சிவப்புக்கு அருகிலுள்ள ஒளியில் மினுங்கும். வெறும் கண்ணுக்குத் தெரியாது, அதற்கான கேமரா வேண்டும். திறந்த மார்பில், துடிக்கும் இதயத்தின் தசையில் ஒரு துளியை ஊசியால் போட்டுவிட்டுத் திரையைப் பார்த்தால், ஊசி பட்ட இடம் முதலில் ஒரு வெள்ளைப் பொட்டாக இருக்கும். சற்று நேரத்தில் அதிலிருந்து மெல்லிய கோடு பிரிந்து, கரோனரியை ஒட்டி மேலே ஏறும். எந்தக் கணுவில் போய் முடிகிறது, எவ்வளவு நேரத்தில் என்று அளக்கலாம்.

இந்த ஒளி திசுவுக்குள் ஓரிரு சென்டிமீட்டருக்கு மேல் ஊடுருவாது. மூடிய மார்புக்கு வெளியிலிருந்து இதயத்தைப் பார்க்க உதவாது.

மனிதர்களுக்கு எம்.ஆர்.ஐ.யில் நிணநீரைப் பார்க்கிறார்களே, அது என்ன?

அது மார்பின் பெருங்குழாயையும் அதன் கிளைகளையும் பார்ப்பது. இதயத்தின் சொந்தக் குழாய்கள் அதில் வராது. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்பவர்கள்தான் அதிகம்.

முறை இது: இரண்டு தொடை இடுக்கிலும் உள்ள நிணநீர்க் கணுவில், அல்ட்ராசவுண்டைப் பார்த்துக்கொண்டே மெல்லிய ஊசியைக் குத்தி, கடோலினியம் என்ற எம்.ஆர்.ஐ. சாயத்தை மெதுவாகச் செலுத்துவார்கள். அது வயிற்றைக் கடந்து, மார்பில் ஏறி, கழுத்தடி வரை போவதை அடுத்தடுத்துப் படமெடுப்பார்கள். ஃபிலடெல்ஃபியாவில் யோவ் டோரி, மாக்சிம் இட்கின் ஆகியோர் கடந்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் இதைப் பிறவி இதயக் குறையுள்ள குழந்தைகளுக்குப் பெரிதும் பயன்படுத்தினார்கள்.

ஏன் அந்தக் குழந்தைகள்? ஒற்றைக் கீழறையோடு பிறப்பவர்களுக்கு ஃபோன்டான் என்ற அறுவை செய்கிறார்கள். உடலின் அசுத்த இரத்தத்தை இதயத்தின் பம்பு இல்லாமலே நுரையீரலுக்குத் திருப்பிவிடும் ஏற்பாடு அது. அதனால் சிரைகளில் அழுத்தம் எப்போதும் கூடுதலாக இருக்கும். ஈரலில் நிணநீர் அதிகமாக ஊறும். அது கலக்க வேண்டிய கழுத்துச் சிரையிலும் அழுத்தம், உள்ளே போக இடமில்லை. பின்வாங்கிய நிணநீர் சில குழந்தைகளுக்கு மூச்சுக்குழாயில் கசிந்து, கிளை கிளையான அச்சாக உறைந்து, இருமும்போது மரத்தின் சிறு மாதிரி போல வெளியே வரும். சிலருக்குக் குடலில் கசிந்து புரதம் வீணாகும். எங்கே கசிகிறது என்று எம்.ஆர்.ஐ. காட்டிவிட்டால் அந்தக் கிளையைக் குழல் வழியாகப் போய் அடைத்துவிடலாம். படம் நேரடியாகச் சிகிச்சையாக மாறிய இடம் இது.

கடோலினியம் கடுமையான சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு யோசித்தே கொடுக்க வேண்டியது. எண்ணெய்ச் சாயமான லிப்பியோடாலைக் கொண்டு எக்ஸ்ரேயில் பார்க்கும் பழைய முறையும் இருக்கிறது. இதயத்தில் வலமிருந்து இடமாக இரத்தம் கலக்கும் ஓட்டை இருந்தால் அந்த எண்ணெய்த் துளி மூளைக்குப் போய்விடும் ஆபத்து உண்டு.

மாரடைப்பு வந்தவருக்கு நீர்க்கோவை இருக்கிறதா என்றாவது பார்க்க முடியுமா?

முடியும். எம்.ஆர்.ஐ.யில் டி2 வரைபடம் என்ற முறை தசையில் எங்கே நீர் கூடியிருக்கிறது என்று நிறம் போட்டுக் காட்டும். மாட்ரிடில் பன்றிகளை வைத்துச் செய்த ஆய்வில், அடைப்பை நீக்கிய சில மணி நேரத்தில் வீக்கம் வந்து, ஒரு நாளில் வடிந்து, சில நாள் கழித்து இரண்டாவது அலையாக மறுபடி வந்தது தெரிந்தது. இப்படம் தேங்கிய நீரைக் காட்டும். வடிகால் கெட்டதால் தேங்கியதா, கசிவு கூடியதால் தேங்கியதா என்று பிரித்துச் சொல்லாது. வீட்டு முற்றத்தில் தண்ணீர் நிற்பதை மாடியிலிருந்து பார்ப்பது மாதிரி.

இதய மாற்று அறுவையில் இந்தக் குழாய்களைத் தைத்து இணைக்கிறார்களா?

இல்லை. பெரிய தமனி, சிரைகளையும் இதயத்தின் மேலறையையும் மட்டும் தைப்பார்கள். நிணநீர்க் குழாய்கள் வெட்டுப்பட்டபடியே விடப்படும். காலப்போக்கில் தாமாக வளர்ந்து இணைப்புத் தேடிக்கொள்ளும். புதிய இதயத்தைப் பெற்றவர் உடல் நிராகரிப்பதில் இந்தக் குழாய்களின் பங்கு என்ன என்பது இப்போது மும்முரமாக ஆராயப்படுகிறது. நிராகரிப்பைக் கண்காணிக்க எடுக்கும் சிறு தசைத் துணுக்குகளும், மாற்றி எடுத்த பழைய இதயங்களும்தான் மனித இதய நிணநீரைப் பற்றி நமக்குக் கிடைக்கும் முக்கியமான சரக்கு.

என் அப்பாவுக்கு இதயப் பலவீனம், கால் வீங்குகிறது. நிணநீர் ஸ்கேன் எடுக்கச் சொல்லவா?

வேண்டாம். அந்த வீக்கத்துக்கு எக்கோ, இரத்தப் பரிசோதனை, சிறுநீரகம், ஈரல் இவற்றைப் பார்த்தால் போதும். இதயத்தின் நிணநீர்க் குழாயை உயிருள்ள மனிதரில் காட்டும் வழக்கமான பரிசோதனை எந்த ஊரிலும் இல்லை. அப்படி ஒன்று இருக்கிறது என்று யாராவது கட்டணம் கேட்டால், எந்தச் சாயம், எங்கே ஊசி, எந்தக் கருவி என்று மூன்று கேள்வி கேளுங்கள்.

நிணநீர் மசாஜ் செய்தால் வீக்கம் வடியுமாமே?

மார்பகப் புற்றுநோய் அறுவைக்குப் பின் கை வீங்கியவர்களுக்கு, பயிற்சி பெற்றவர் செய்தால் உதவும். கட்டுக்குள் வராத இதயச் செயலிழப்பு உள்ளவருக்குச் செய்யக் கூடாது. காலில் தேங்கிய நீரைத் தள்ளினால் அது கடைசியில் வந்து சேருமிடம் கழுத்துச் சிரை, அங்கிருந்து ஏற்கெனவே திணறிக்கொண்டிருக்கும் இதயம். அதைத் தொடங்குமுன் அப்பாவின் மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள்.